நான்கு மாதம் பத்து நாள், பதினொரு மணித்தியாலம்

கொழும்பிலிருந்து லண்டனுக்கு எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், சற்றுக் கூடக் குறைய. நேர் விமானத்தில் பதினொரு மணித்தியாலம். போன வருஷம் இந்தக் கேள்வியை எத்தனை தடவை போனில் தட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது. வேறு விடை வராது என்று தெரிந்தும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

நான் புவியியல் படிப்பிக்கும் ஆசிரியை. அகலக்கோடு, நெடுங்கோடு, பதினைந்து பாகைக்கு ஒரு மணித்தியாலம் என்று இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். லண்டனில் மத்தியானம் பன்னிரண்டு என்றால் எங்கள் ஊர் கனமூலையில் எத்தனை மணி என்று கேட்டால் என் எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் ஐந்தரை என்று சொல்லும். அப்படிப்பட்ட நான்தான் இந்தக் கணக்கில் பிழைவிட்டேன்.

என் கணவர் வேன் ஓடினார். கட்டுநாயக்கவில் வெள்ளைக்காரரை ஏற்றி ஆலங்குடாக் கடற்கரை ஹோட்டல்களில் இறக்கிவிடுவதுதான் தொழில். காற்றுக் காலத்தில் வேனின் கூரையில் நீளமான பைகள் கட்டியிருக்கும்; பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற பலகைகள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே சிரிப்பார்: "இன்டைக்கு ஒருத்தன் சொல்றான், லண்டன்லேந்து பதினொரு மணித்தியாலம் நித்திர கொண்டுட்டு வந்தானாம், எண்ட வேன்ல மூண்டு மணித்தியாலம் கண்ண மூட ஏலலயாம். நான் என்ன செய்யிற, ரோட்டப் போட்டது நானா?"

எங்கள் ஒரே மகள் லண்டனில் இருக்கிறாள். கல்யாணம் முடித்து நான்கு வருஷம். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போய், மூன்றாவது தங்கியது. வாந்தியில் அவள் சுருண்டு கிடந்த மாதங்களில் நாங்கள் இருவரும் போய் இருந்துவிட்டு வருவதென்று விசாவுக்குப் போட்டோம். வந்தது. ஆறு மாத விசா. அவர் தனக்கு ஒரு குளிர்ச் சட்டையும் வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு இந்த வெயிலில் வேனுக்கு முன்னால் நின்று படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்.

விசா வந்த இரண்டாம் கிழமை, ஆலங்குடாவிலிருந்து திரும்பி வரும்போது வேனை ஓரமாக நிறுத்திவிட்டு மவுத்தாகிப் போனார். நெஞ்சு வலித்த நேரத்திலும் வேனை ஓரமாகத்தான் நிறுத்தியிருக்கிறார். கைப் பிரேக்கும் போட்டிருந்ததாம். அதை என் நானா, என் மூத்த சகோதரர், என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அடுத்த நாள் காலையில் அடக்கம். மகளால் வர முடியவில்லை. அவளைப் படுக்கையை விட்டு எழும்பவே கூடாது என்று வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் இத்தா இருந்தேன். புருஷன் மவுத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் முன்னால் வரக் கூடாது, அலங்காரம் இல்லை, பிரயாணம் இல்லை. எங்கள் ஊரில் வெள்ளை உடுப்பார்கள். என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை, பலவந்தப்படுத்தவும் இல்லை. அவருக்காக நான் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். நானே விரும்பித்தான் அந்த அறைக்குள் போனேன்.

அரசாங்க வேலையில் இருக்கும் எங்கள் பெண்களுக்கு இத்தாவுக்கென்று சம்பளத்தோடு லீவு உண்டு. முதல் கிழமையிலேயே அதற்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நானா படிவத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று இரண்டு கட்டங்கள். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். மாதத்தை நான்கு தடவை புரட்டி, அதற்கு மேல் பத்து நாள் எண்ணி எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமையில் முடிந்தது. அதிபரும் கையெழுத்து வைத்தார், லீவும் கிடைத்தது. அந்தத் திகதி அதற்குப் பிறகு என் தலைக்குள் கல்லில் வெட்டியதுபோல நின்றுவிட்டது. நானா டிக்கட் போட்டதும் அதை வைத்துத்தான்: வெள்ளி முடிந்து சனிக்கிழமை விமானம். விசா முடிய அதற்குப் பிறகும் ஐந்து கிழமை இருந்தது. மகளுக்கு அப்போது எட்டாம் மாதம் நடக்கும். பேறு காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, நான் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுவேன். எல்லாம் சரியாக இருந்தது.

அந்த நான்கு மாதமும் என் உலகம் ஓர் அறை, ஒரு குசினி, பின்வளவில் கிணறு. முன் ஜன்னலில் பழைய கட்டில் விரிப்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். களப்புக் காற்று அடிக்கும்போது அது உள்ளே ஊதி வரும், பிறகு வெளியே இழுபடும். பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பறக்கிற விமானங்களைப் படத்தில் காட்டுகிற ஒரு செயலியை மகள் என் போனில் போட்டுக்கொடுத்திருந்தாள். லண்டன் விமானம் பகல் ஒரு மணியளவில் கட்டுநாயக்கவில் எழும்பும். சின்ன மஞ்சள் விமானம் கரையோரமாக வடக்கே ஏறி, நீர்கொழும்பு, சிலாபம் தாண்டி, எங்கள் பக்கத்துக் கடலுக்கு மேலே போகும். காற்று இல்லாத நாட்களில் சத்தமும் கேட்கும். என் வீட்டுக்குப் பக்கத்தால் போகிற அதில் ஏற வேண்டுமென்றால், நான் முதலில் இரண்டு மணித்தியாலம் தெற்கே போக வேண்டும். பிறகு அதே வழியால் என் வீட்டைத் தாண்டிப் பறக்க வேண்டும். புவியியல் ஆசிரியைக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அது போய் முடியும்வரை பார்த்திருந்தேன். அசர் தொழும்போது அரபிக் கடல். இஷா தொழுதுவிட்டுப் பார்த்தால் எங்கேயாவது ஒரு மலைத் தொடர். படுக்கும்போதும் அது இறங்கியிருக்காது. அவ்வளவு தூரத்தில் என் பிள்ளை.

கடைசிக் கிழமை ஞாயிற்றுக்கிழமை மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போன் எடுத்தாள். முகம் ஊதியிருந்தது.

"பிரஷர் கூடிட்டு உம்மா. வச்சிட்டாங்க. இறங்காட்டி இந்தக் கிழமைக்குள்ள எடுத்துருவாங்களாம்."

"பிள்ளையையா?"

"பின்ன என்னத்த, எண்ட கிட்னியையா?" சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "நீங்க எப்ப வாற?"

"சனிக்கிழமதானே மகள் டிக்கட்."

"சனிக்கிழமைக்கு முந்தி ஏலாதா?" என்று கேட்டாள். கேட்டவுடனேயே, "இல்ல, இல்ல, வாப்பாட இத்தா. நீங்க முடிச்சிட்டே வாங்கொ. எனக்கு ஒண்டும் இல்ல" என்றாள். அவள் அப்படித்தான். சின்ன வயதில் ஊசி போடும்போதும் டொக்டரைப் பார்த்து "எனக்கு நோகல" என்று சொல்லிவிட்டுத்தான் அழுவாள்.

அடுத்த நாள் திங்கட்கிழமை காலை நானா வந்தார். கதவு நிலையில் நின்றபடி கதைத்தார்.

"தங்கச்சி, மௌலவிக்கிட்ட ஒரு கோல் எடுத்துக் கேப்பமா? பிள்ளைட நெலம இப்பிடி எண்டா மார்க்கத்துல வழி இல்லாம இரிக்காது."

நான் வேண்டாம் என்றேன்.

"கேக்கிறதுல என்ன?"

"நாலஞ்சு நாள்தானே நானா. நாலு மாசம் இரிந்தவள் நாலு நாளைக்கு அவசரப்பட்டு ஓடிட்டாள் எண்டு சொல்லுவாங்க. மௌலவி சரி எண்டு சொன்னாலும் ஊர் சரி எண்டு சொல்லுமா?"

அதற்கு முந்தைய வருஷம் எங்கள் தெருவில் ஒருத்தி இத்தாவுக்குள்ளே பல் வலி என்று புத்தளத்துக்குப் போய் வந்தாள். அவளைப் பற்றி மற்றப் பெண்கள் கதைத்ததைக் கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை; நானும் ஒன்றிரண்டு வார்த்தை சேர்த்திருக்கிறேன். அந்த வாய்களுக்குத்தான் நான் பயந்தேன். அவற்றில் என் வாயும் ஒன்று.

நானா போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் அந்த அழைப்பை எடுத்திருந்தால் மௌலவி முதலில் ஒரு கேள்விதான் கேட்டிருப்பார்: எந்தப் பிறையில் மவுத்து?

செவ்வாய்க்கிழமை மகளுக்குப் பிரஷர் இறங்கவில்லை. புதன் அவர்களுடைய பகல் பன்னிரண்டுக்கு வயிற்றை வெட்டி எடுப்பதென்று முடிவு செய்தார்கள். எங்களுக்கு ஐந்தரை.

புதன்கிழமை காலை பத்தரை இருக்கும், முன் கேற்றை யாரோ அடித்துத் திறந்தார்கள். என் கணவரின் தங்கை. கற்பிட்டியில் இருக்கிறாள், பாலாவியில் பஸ் மாறித்தான் வர வேண்டும். கையில் துணி கட்டிய வட்டிலாப்பச் சட்டி. வாசலுக்கு வருமுன்பே சத்தம் வந்துவிட்டது.

"நான் யாரு இந்த வீட்டுக்கு? எண்ட காக்காட இத்தா முடியிது, ஊரெல்லாம் கூப்பிட்டு ஓதி முடிச்சிட்டு எனக்கு மட்டும் ஒரு சொல் இல்ல. திங்கக்கிழம முழுக்க போனக் கையில வச்சிட்டு இரிந்தேன். நேத்தும் பாத்தேன். சரி, கூப்பிடாட்டியும் போறதுதானே எண்டு வெக்கம் கெட்டு வந்திரிக்கேன். கோவந்தான், ஆனா வெறுங்கையோட வரல, இந்தாங்க..."

அறைக்குள் வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மதினி, என்ன இன்னும் வெள்ளையோட?"

"வெள்ளிக்கிழமதானே முடியிது" என்றேன்.

"யாரு சொன்ன?"

"லீவு வெள்ளி வரைக்கும் இரிக்கி."

அவள் சட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே இருந்தாள். குரல் இறங்கிவிட்டது. "மதினி, லீவு கல்விக் கந்தோருக்கு. இத்தா பிறைக்குத்தானே? நான் பள்ளிவாசல் கலண்டர்ல ஒவ்வொரு நாளும் வெட்டி வெட்டி வந்தேன். திங்கக்கிழம மஃரிபோட முடிஞ்சி போச்சி."

பிறை மாதத்துக்கு இருபத்தொன்பது நாள் அல்லது முப்பது. இங்கிலீசு மாதத்துக்கு முப்பது, முப்பத்தொன்று. நான்கு மாதத்தில் வித்தியாசம் நான்கு நாள். நோன்பையும் பெருநாளையும் பிறை பார்த்துப் பிடிக்கிறவள், இத்தாவை மட்டும் சுவர்க் கலண்டரில் எண்ணியிருக்கிறேன். லீவுப் படிவத்துக்கு அந்தத் திகதி சரியானதுதான். அதை நான் என் இத்தாவுக்கும் எடுத்துக்கொண்டதுதான் பிழை. நானாவோ மற்ற ஆண்களோ எண்ணவில்லை, ரீச்சர்தானே எண்ணியிருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

திங்கள் மாலை மஃரிபுக்குப் பிறகு எனக்குத் தடையே இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு மணி விமானத்தில் ஏறியிருந்தால் செவ்வாய் இரவு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். வெட்டுவதற்கு முன்னால்.

நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் ஏஜென்சிக்கு எடுத்தார். அன்றைய விமானத்தில் இடமும் இருந்ததாம். ஆனால் நேரம் பத்தே முக்கால். உடுத்து, பையை எடுத்து, வேன் பிடித்து, இரண்டு மணித்தியாலம் ஓடிப் போனாலும் கதவு மூடியிருக்கும். வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். வெள்ளையைக் கழற்றினேன். போக எந்தத் தடையும் இல்லை, போகவும் முடியவில்லை. ஒரு மணிக்குப் பிறகு கடலுக்கு மேலே அந்தச் சத்தம் வந்தது. நானும் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவேன்; அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலு மாதம் அந்த அறையில் மூச்சு முட்டாத எனக்கு அன்றைக்கு முட்டியது.

ஐந்தரைக்குப் பிறகு, ஏழு மணியளவில் மருமகன் எழுதினார்: பெண் பிள்ளை. ஒன்றரைக் கிலோவை விடக் கொஞ்சம் கூட. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான்கு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு, மகளுக்கு இரத்தம் போகிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள், இன்னும் கண் முழிக்கவில்லை என்று வந்தது.

வியாழன் காலை நானா பிடித்த வேனில் போனோம். சிலாபம் பாலத்தில் நின்றோம், மாரவிலையில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு நின்றோம். விமானத்தில் என் கதிரையில் இருந்து பட்டியைக் கட்டும்போது மருமகனின் செய்தி வந்தது. "மாமி, மறுபடி உள்ளுக்கு கொண்டு போறாங்க. ரத்தம் நிக்கல. துஆ செய்ங்கொ." பதில் எழுதத் தொடங்கினேன். விமானப் பணிப்பெண் வந்து போனை நிறுத்தச் சொன்னாள்.

பதினொரு மணித்தியாலம்.

முன்னால் இருந்த சின்னத் திரையில் ஒரு படம் ஓடியது. இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு நேரம். வீட்டில் நான் போனில் பார்த்த அதே சின்ன விமானம், இப்போது நான் அதற்குள். எண்ணாயிரத்து இருநூறு. எண்ணாயிரத்து நூறு. ஒவ்வொரு எண் மாறும்போதும் அங்கே என்ன நடந்து முடிந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் இருக்கிறாளா இல்லையா என்பது அந்த நேரத்தில் முடிவாகிவிட்ட விஷயம். லண்டனில் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண் கோழிச் சோறு சாப்பிட்டாள், படம் பார்த்தாள், ஒரு தடவை சத்தமாகச் சிரித்தாள். அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எழும்பி நடக்கலாம், ஆனால் எங்கே நடப்பது? மலசலகூடம் வரை போய்த் திரும்பினேன். நான்கு மாதம் வீட்டில் கிணற்றடி வரை போய்த் திரும்பியதுபோல. விமானத்தில் இணையம் வாங்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மௌலவியிடம் கேட்காதவள் இங்கே மட்டும் கேட்பாளா.

வெளியே வந்தபோது மருமகன் இல்லை. அவருடைய கூட்டாளி ஒருவர் ஒரு கடதாசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் தமிழில் "மாமி" என்று மட்டும் எழுதியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் தூரத்திலேயே சத்தமாகச் சொன்னார்: "நல்லா இரிக்காங்க மாமி! கண் முழிச்சிட்டாங்க! கதைச்சிட்டாங்க!" நான் அந்த இடத்திலேயே பெட்டியின் மேல் இருந்துவிட்டேன்.

இரண்டு தடவை வெட்டியதில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைதான் முதலும் கடைசியும். தியேட்டருக்குக் கொண்டு போகும்போது அவள் "உம்மாவக் கூப்பிடுங்க" என்று இங்கிலீசிலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னதாக மருமகன் சொன்னார். என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. பாசத்தைக் காட்டத்தான் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் என்னை உள்ளே விட்டார்கள். அவள் என் உடுப்பைப் பார்த்தாள். பச்சைச் சேலை உடுத்திருந்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்டைக்குத்தானே வெள்ளி" என்றாள். "எனக்காக முறிச்சிட்டா வந்தீங்க உம்மா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லை மகள், அது திங்கட்கிழமையே முடிந்துவிட்டது என்று. அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் வரவில்லை? உடம்பெல்லாம் குழாய் செருகிக் கிடக்கிற பிள்ளைக்கு அந்தப் பதிலைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் தலையைத் தடவினேன். அவள் என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஐந்து கிழமை அங்கே இருந்தேன். அவளுடைய கூட்டாளிகள் வரும்போதெல்லாம் சொல்வாள்: "எண்ட உம்மா இத்தாவ விட்டுட்டு எனக்காக வந்தவ." அவர்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றுவேன். செய்யாத ஒரு தியாகத்துக்குள் அடைபட்டுக் கிடந்தேன். அதிலிருந்து வெளியே வர நான்கு மாதம் பத்து நாள் என்று ஒரு கணக்கும் இல்லை.

போன கிழமை அவள் டிக்கட் போட்டுவிட்டதாகச் சொன்னாள். பிள்ளைக்கு ஊசியெல்லாம் முடிந்துவிட்டதாம், வாப்பாவின் கபுறடிக்குப் போக வேண்டுமாம். மதினிக்குச் சொன்னேன்.

"வரட்டும், வரட்டும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் வாயத் தொறக்கமாட்டன். ஆனா புள்ள நேராக் கேட்டா பொய் சொல்லவும் மாட்டன் மதினி. எண்ட காக்காட இத்தாவ நீங்க முறிக்கல. முழுசா இரிந்தீங்க. அத ஏன் மறைக்கணும்?"

நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தேன். அங்கே பகல். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். படத்தை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வைத்தேன், முகம் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது. சொன்னேன். லீவுப் படிவம், சுவர்க் கலண்டர், மௌலவியிடம் கேட்க வேண்டாம் என்று நானாவைத் தடுத்தது, எல்லாம்.

"அப்ப செவ்வாய்க்கிழம வந்திரிக்கலாம்" என்றாள்.

"ஓம்."

"என்னய உள்ளுக்கு கொண்டு போக முந்தி."

"ஓம் மகள்."

"ஊர் என்ன சொல்லும் எண்டுதான் கேக்கல?"

"ஓம்."

"நான் வைக்கிறன் உம்மா. புள்ள நித்திரையாகப் போறா."

சரி என்றேன். ஆனால் அவள் வைக்கவில்லை. பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. இடையிடையே நிறுத்தி மூச்செடுப்பதும் கேட்டது. போனைக் காதில் வைத்தபடி, அவள் வைக்கும்வரை இருந்தேன்.